பதினோரு மாதிரிகள்

என் அம்மா ஆற்றை உதைத்துச் சம்பாதித்தாள். கேலி இல்லை, வேலையே அதுதான். நீரோட்டம் உள்ளே புகும்படி வலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் கிடக்கும் கற்களைக் காலால் சரியாக மூன்று நிமிடம் உதைக்க வேண்டும். கல்லடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப்புழுக்கள் வலையில் வந்து விழும். எந்த வகை, எத்தனை என்று எண்ணினால் ஆறு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சூழலியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது தாத்தா கேட்டாராம்: "பூச்சி எண்ணவா ரெண்டு வருஷம்? நம்ம மாவு டப்பாவைத் திறந்து எண்ணேன்."

வகுப்பில் பதினான்கு பேர். இருவர் வனத்துறைக்குப் போனார்கள், ஒருவர் ஆசிரியரானார். பாதிப் பேர் கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதினார்கள். அவர்களில் ஒருவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆற்றின் மேல்பக்கம் இருந்த கல்குவாரிக்கு அறிக்கை எழுதியவர் அவர்தான்.

அம்மா குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போனாள். குவாரிக் கழிவு ஆற்றைக் கொல்கிறது என்று எழுதினாள். ஒரே ஆள், ஒரே இடம், தொடர்ந்து பன்னிரண்டு மாதக் கணக்கு காட்டினால் குவாரியை மூடுகிறோம் என்றது வாரியம்.

ஐந்தாவது மாதம் மூன்று லாரி ஓட்டுநர்கள் கரையில் காத்திருந்தார்கள். வலைக் கம்பைப் பிடுங்கி அதாலேயே அடித்தார்கள். இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா என்னிடம் முதலில் கேட்டது, "வலை கிழிஞ்சிருக்கா பாரு."

ஆறாவது மாதம் மாவுக்கட்டோடு கம்பை வைத்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

மாமா என்னை போனில் அழைத்தார். "நேரத்தையாவது மாத்திக்கச் சொல்லும்மா. ஆறாம் தேதி காலைல ஏழு மணின்னு ஊருக்கே தெரியுது."

அம்மா மசியவில்லை. "நேரம் மாறினா கணக்கு மாறும்டி. அவனுக்குத் தெரியாதா? ஒரே பெஞ்சுலதானே உக்காந்திருந்தோம்."

ஊருக்குத் தெரிந்தது என்னால். நான் மென்பொருள் பொறியாளர். எண்ணிக்கைகளை எல்லோரும் பார்க்கும் இணையப் பக்கத்தை அம்மாவுக்காக எழுதினேன். அதில் 'அடுத்த மாதிரி' என்று ஒரு வரி உண்டு. நாள், நேரம், இடம். கணக்கில் ஒளிவுமறைவு கூடாது என்பது அவர்கள் படிப்பின் பழக்கம். ஐந்தாவது மாதத்துக்குப் பிறகாவது நான் அந்த வரியை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

பதினோராவது மாதம். மாதிரி எடுத்து, புட்டியை மூடி, சீட்டு ஒட்டி, கரையேறினாள். லாரி பின்பக்கமாக வந்தது. இடுப்பெலும்பு, ஏழு விலா, நுரையீரல். அம்மா பிழைக்கவில்லை. பையிலிருந்த புட்டி உடையவில்லை. அது சாட்சிப் பொருள் என்றார் காவலர். அவர் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பேர் என்னை இழுத்துப் பிரித்தார்கள். மூன்று நாள் கழித்துப் புட்டி ஆய்வகத்துக்குப் போனது. பதினொன்று சேர்ந்தது.

பன்னிரண்டாவதை நான் எடுத்தேன். கரையில் இருவர் கல் எறிந்தார்கள்.

"என்னம்மா, உங்கம்மா பிடிச்சது பத்தலையா?"

ஒரு கல் முதுகில் பட்டது. மூன்று நிமிடமும் உதைத்தேன்.

விசாரணையில் மாமா குவாரி சார்பில் எழுந்தார். "எடுத்த ஆள் மாறிட்டாங்க. ஆளுக்கு ஆள் உதைக்கிற வேகம் வேற. பன்னிரண்டாவதைச் சேர்க்க முடியாது."

வெளியே தாழ்வாரத்தில் அவர் முகத்தில் குத்தினேன். கண்ணாடி நொறுங்கியது. மூக்கிலிருந்து வந்த ரத்தத்தை அவர் துடைக்கவில்லை.

"அடிம்மா. ஆனா நான் சொன்னது தப்பா?"

"இல்ல மாமா," என்றேன். மறுபடியும் குத்தினேன்.

ஒரே ஆள், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, புதிதாக எடுக்க வேண்டும் என்று வாரியம் எழுதியது. லாரிக்காரன் ஜாமீனில் வந்துவிட்டான்.

இந்த மாதம் ஆறாம் தேதி ஏழு மணிக்கு முதல் மாதிரியை எடுத்தேன். தலையில் ஒன்பது தையல். புழுக்கள் நாற்பத்தொன்று.