அண்ணன் உட்கார்ந்த மடிக்கணினி

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். பதினான்கு வருடமாக முன்னறை ஜன்னலோர மேஜையில்தான் வேலை. தெருவில் அவளுக்கு வரைபடக்காரி என்றே பெயர். நடத்திய கடையை மூடிவிட்டு அண்ணன் தன் மனைவியோடு இந்த வீட்டுக்கே திரும்பி வந்தான். வந்த வாரமே அவள் மேஜையில் அவன் தட்டு வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

அன்று காலை குளித்துவிட்டு வந்து பார்த்தாள். மேஜையில் எச்சில் தட்டு; நாற்காலியில் மடிக்கணினி. அண்ணன் அப்போதுதான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து பல் குத்திக்கொண்டிருந்தான். மடிக்கணினியைத் திறந்தாள். திரை முழுக்கச் சிலந்தி வலை போல விரிசல், மூலையிலிருந்து மை கொட்டியது போலக் கறுப்பு.

"இது மேல உட்கார்ந்தியா?"

"நாற்காலியில வச்சா உடையத்தான் செய்யும்."

"நான் மேஜையிலதான் வச்சேன். எடுத்து வச்சது யாரு?"

"என்னைக் கேட்டா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனோடு என்ன பேச? உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்: "காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா? ஒரு டப்பாவுக்கா இந்தப் பாடு?"

பழுது பார்க்கும் கடையில் பத்து நாள் கேட்டார்கள். வீடு கட்டுகிற மேஸ்திரிக்கோ வெள்ளிக்கிழமை வரைபடம் வேண்டும், ஆட்கள் காத்திருந்தார்கள். தானே திரையை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். செல்போனில் காணொளியை இரண்டு முறை பார்த்தாள். அடிமூடியைக் கழற்றி பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள். பழைய பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் செருகி, திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை நெம்பினாள். ஒவ்வொரு கொக்கியாக 'டக்' என்று விட்டது. உடைந்த திரையைக் கழற்றி, அதன் முதுகில் இருந்த எண்ணைக் காட்டி, அதே கடையில் அதே மாதிரித் திரையை வாங்கி வந்தாள்.

அண்ணன் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். "ஆழம் தெரியாம காலை விடுறே. இருக்கறதையும் கெடுத்துட்டு என் தலையில போடாதே."

அவள் நிமிரவில்லை. புதுத் திரையின் பட்டை வயரைச் செருகி, நான்கு திருகாணிகளையும் முடுக்கி, பேட்டரியை இணைத்துப் பொத்தானை அழுத்தினாள். இருட்டு. அண்ணன் சிரித்தான். அண்ணியும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் சொல்லல?" என்றான் அண்ணன்.

பேட்டரியை மறுபடி கழற்றினாள். வயரின் முனை ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்திருந்தது. நேராக அழுத்தி, மேலே ஒட்டுப்பட்டையை இழுத்து ஒட்டினாள். இந்த முறை திரை பளிச்சென்று எரிந்தது. அண்ணன் மனைவி பக்கம் திரும்பி, "தண்ணி கொண்டா," என்றான்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரியே நேரில் வந்தார். "திரை போச்சுன்னு சொன்னியேம்மா, யாரு மாத்தினது?"

"நாங்கதான் வீட்டுலயே பண்ணிட்டோம்," என்றான் அண்ணன், மீசையைத் தடவிக்கொண்டு.

அவளுக்குச் சுருக்கென்றது. உடைத்ததைக்கூட விட்டிருப்பாள்.

"நாங்க இல்ல மேஸ்திரி. மாத்தினது நான். உட்கார்ந்து உடைச்சது இவன்."

மேஸ்திரி வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போனார்.

"வெளி ஆள் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே," என்று அண்ணன் கத்தினான்.

"உன் மானம் உன் வாயில இருக்கு. என்கிட்ட ஏன் தேடுறே?"

அதோடு பேச்சு நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவன் சுவரைப் பார்த்து மனைவியிடம் சொல்வான். அண்ணி வந்து ஒப்பிப்பாள். தங்கையும் சமாதானத்துக்குப் போகவில்லை. அடுத்த மாதமே சிமெண்ட் கடை மாடியில் ஓர் அறையை வேலைக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அவசரத்துக்கு ஒரு சாவி எங்ககிட்டயும் இருக்கட்டுமே," என்றாள் அண்ணி.

"எந்த அவசரத்துக்கு அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.