சுவிட்சில் ஒட்டிய பிளாஸ்திரி

யூஜின் சாரை நான் முதலில் பார்த்தது வேலைக்கான இன்டர்வியூவில். என் சர்டிபிகேட்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். ஊத்தங்கரைக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் வகையறாவிலேயே முதல் பட்டதாரி. கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். அவரிடமும் சொன்னேன். அவர் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை.

"ஊர்ல ஒரே ரூம்ல எத்தினி பேரு படுப்பீங்க?" என்றார்.

"ஏழு பேரு சார். மழை பேஞ்சா ஆடும் உள்ள வந்துரும்."

"அப்போ இந்த வேல உனுக்கு ஏற்கெனவே தெரியும் குரு. திங்கக்கிழம வந்துரு." இந்தக் கன்னட ஊரில் யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்கள்; என் பெயர் மூர்த்தி.

வேலை இதுதான். எங்கள் கம்பெனி பல வருடங்களுக்கு முன்பு விற்ற செட்டாப் பாக்ஸில், இன்றைய மலிவான செல்போனில் இருக்கும் மெமரிகூடக் கிடையாது. இரண்டு ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதைத் திறந்தால் ஏதாவது ஒன்று செத்துப்போகும். வாங்கிய ஜனங்களுக்கோ பன்னிரண்டு ஆப் வேண்டும். பழசை நிறுத்திவிட்டுப் புதுப் பாக்ஸ் விற்கலாம் என்று மேலே பேச்சு நடந்தது. பழசிலேயே எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று நின்றவர் யூஜின். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பாக்ஸ்தான். அது போனால் அவரை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவர் கண்டுபிடித்த வழி, பாயைச் சுருட்டி மூலையில் வைப்பது போன்றது. பயன்படுத்தாத ஆப்பைக் கொல்லாமல், இருந்த நிலையிலேயே சுருட்டி, பாக்ஸுக்குள் இருக்கும் சேமிப்புச் சில்லில் எழுதி வைத்துவிடுவார். மறுபடி கூப்பிட்டால் விட்ட இடத்திலிருந்து எழுந்து வரும். ரிமோட்டில் அணைத்தால் திரைதான் கறுக்கும். உள்ளே பாக்ஸ் விழித்திருந்து ஒவ்வொன்றாக எழுதி வைக்கும்.

லேபில் பாக்ஸுகள் இரவும் பகலும் ஓடின. ஜீவனஹள்ளியில் தன் வீட்டிலும் ஒன்றை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். டிவிக்குப் பக்கத்து சுவிட்சில், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்டியிருந்தார்.

அவர் மனைவி ஜூடித் அக்கா, பக்கத்துப் பள்ளியில் டீச்சர். "பாத்தியா தம்பி, சுவிட்சுக்கே கட்டு போட்டுக்கிறாரு. படுக்கறதுக்கு முன்ன மெயின ஆஃப் பண்றது எங்கம்மா வூட்லேர்ந்து எனக்குப் பழக்கம். இப்போ கை வெச்சா கத்துறாரு."

"டெஸ்டு ஓடுது ஜூடித். ஆஃப் பண்ணா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"கரண்டு பில்லு உங்க கம்பெனியா கட்டுது?"

மூவரும் சிரித்தோம். கோழிக் குழம்பு நன்றாக இருந்தது.

லேபில் பன்னிரண்டு ஆப்பும் ஓடின. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினாலும் தடங்கலே இல்லை. மேனேஜர் ஷோபா எழுந்து நின்று கை தட்டினார். புது சாஃப்ட்வேரைச் சந்தாபுராவில் சில தெருக்களில் இருக்கும் பாக்ஸுகளுக்கு மட்டும் முதலில் அனுப்பிப் பார்ப்பது, சரியாக இருந்தால் எல்லா வீட்டுக்கும் என்று முடிவானது. யூஜின் அன்று லேப் முழுவதற்கும் பப்ஸ் வாங்கினார்.

முதல் வாரமே புகார்கள் வரத் தொடங்கின. பாக்ஸைப் போட்டால் கம்பெனிப் பெயர் தெரிகிறது, அதற்கு மேல் நகரவில்லை. நானும் அவரும் சந்தாபுரா போனோம். முதல் வீடு பழனிச்சாமி என்பவருடையது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து டயர் கடையில் வேலை செய்பவர்.

"எப்படி அணைப்பீங்க?" என்று யூஜின் கேட்டார்.

"எப்படின்னா? சுவிட்சுலதானுங்க." பழனிச்சாமி சுவரைக் காட்டினார். "ரிமோட்டுல அணைச்சா அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சுட்டேதான கெடக்குது? இடி கிடி விழுந்தா நீங்களா வாங்கிக் குடுப்பீங்க?"

யூஜின் அந்த சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பாக்ஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்கிவிடுகிறார்கள். பாதி எழுதியதை அடுத்த நாள் அதற்கே படிக்கத் தெரியாமல் நின்றுவிடுகிறது. அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதைதான்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டார்: "உங்க ஊர்ல எப்பிடி மூர்த்தி?"

"மெயின்லதான் சார் நிறுத்துவோம்."

"எங்க வூட்லயும் அதான். நான்தான் பிளாஸ்திரி ஒட்டி வெச்சேன்."

பாதி எழுதியதைக் கண்டால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும்படி மாற்றினார். பாக்ஸ் பாதியில் உறைந்துபோவது நின்றது. ஆனால் தினமும் காலையில் எல்லா ஆப்பும் முதலிலிருந்து ஏற வேண்டியிருந்ததால், பழையபடி இருந்ததைவிட மெதுவாகிவிட்டது. கரண்டு போன பிறகும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க உள்ளே ஒரு பாகம் வேண்டும். பாக்ஸுகளோ ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்டன; ஒவ்வொன்றாகத் திறந்து அதைப் பொருத்த முடியாது. ரிமோட்டில் அணையுங்கள் என்று திரையில் அறிவிப்புக் காட்டலாம் என்றார் கடைசியாக.

"யூஜின், ஜனங்களோட கைய நம்மால மாத்த முடியாது" என்றார் ஷோபா. "பாக்ஸ மாத்துறது ஈஸி." கோபமாகச் சொல்லவில்லை.

பழைய பாக்ஸை நிறுத்திவிட்டார்கள். எங்கள் குழுவைக் கலைத்தார்கள். வயது குறைந்தவர்களைப் புதுப் பாக்ஸுக்கு மாற்றினார்கள், என்னையும் சேர்த்து. அதில் மெமரி தாராளமாக இருக்கிறது; எதையும் சுருட்டி வைக்க வேண்டியதில்லை. யூஜினுக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சில இடங்களுக்கு இன்டர்வியூ போனார். பழைய பாக்ஸைப் பற்றி அவர் விளக்கத் தொடங்கியதுமே, எதிரில் இருந்தவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

யூஜின் சார் இப்போது ஜீவனஹள்ளியில் அதே வீட்டில் இருக்கிறார். வேலை இல்லை. விண்ணப்பம் போடுவதையும் நிறுத்திவிட்டார். ஜூடித் அக்காவின் பள்ளிச் சம்பளத்தில் வீடு நடக்கிறது. படுக்கப் போகுமுன் டிவி சுவிட்சை அவரே அணைத்துவிடுகிறார்.