ஒன்பது நாள் நாய்க்குட்டி

எங்கள் குடும்பத்தில் உயிருள்ள ஒன்றை வாங்கி அதற்கு ரசீது எழுதிய ஒரே ஆள் பெரிய மாமாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு பாண்டிக்குத் திரும்பியவர். தெருவில் அவருக்குச் ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்று பெயர்; நேரில் பேசினால் ‘முசியே’, ஐயா. கத்திரிக்காய் வாங்கினாலும் காகிதம் கேட்பார். கீரை விற்கிறவள் அவர் தலையைக் கண்டால் அடுத்த வீதிக்குத் திரும்பிவிடுவாள்.

எனக்கு ஒன்பது வயது முடிந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதிச் சந்தையில் பழைய கால்சட்டைகளுக்கும் அலுமினியக் குண்டான்களுக்கும் நடுவே ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் வெள்ளையாக ஐந்து மூச்சு. விற்றவர் குருசுக்குப்பத்துக்காரர். “சடை நாயி பாப்பா, ரெண்டு மாசத்துல முடி தரையப் பெருக்கும்” என்றார். நான் ஒன்றைத் தூக்கினேன். அது என் கட்டைவிரலைச் சப்பியது. அந்த நொடியில் கூடையில் இருந்த மற்ற நான்கும் உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டன.

மாமா பணத்தை என் கையில் கொடுத்து, என்னைக் கொடுக்கச் சொன்னார். பிறந்தநாள் பரிசு என்றால் பெறுகிறவரே காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். பிறகு பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார். எழுத இடமில்லை. கூடைக்காரரையே குனியச் சொல்லி அவர் முதுகில் வைத்து எழுதினார். வாங்கியவர்: என் முழுப்பெயர். விற்ற பொருள்: வெள்ளை நாய்க்குட்டி ஒன்று, வால் உண்டு.

“இன்னா முசியே, நாயிக்கா பத்திரம்? கூச்சமா கீது, சீக்கிரம் எழுது” என்று நெளிந்துகொண்டே கூடைக்காரர் கையெழுத்துப் போட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பெயர் ஒரு காகிதத்தில் அவ்வளவு நேராக நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் வீடு முழுக்கக் குட்டிதான். அம்மாவின் புடவைத் தலைப்பில் குட்டி, அரிசி முறத்தில் குட்டி, மாமாவின் செருப்புக்குள் பாதிக் குட்டி. செவ்வாய்க்கிழமை அது பாலைக் கக்கியது. புதன் விடிந்தபோது வயிறு தண்ணீராய்ப் போய், துவைத்துப் போட்ட கைக்குட்டை மாதிரி மூலையில் கிடந்தது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எருமைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே என் உள்ளங்கை அகல நோயாளி. டாக்டர் ஊசி போட்டார். நாலைந்து நாள் தாண்டினால் பிழைத்துக்கொள்ளும் என்றார். “வாங்கும்போதே நோய் உள்ள இருந்திருக்கு” என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்.

மாமாவுக்கு அந்த வார்த்தை போதும். மீசை நிமிர்ந்துவிட்டது. உள்ளே நோயை வைத்து விற்றால் ஒன்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பிரெஞ்சுக்காரன் சட்டத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் அப்படித்தான் என்றார்.

“இது நாயிண்ணே” என்றாள் அம்மா.

“நாலு காலு கீதில்ல?”

அந்தச் சட்டம் நாய்க்குச் செல்லுமா, பாண்டியில் இன்னும் உயிரோடு இருக்கிறதா, எதுவும் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை காலை மாமா இஸ்திரி போட்ட சட்டையில், அம்மா அவருக்குப் பக்கத்தில், நான் குட்டியை ஒயர்க் கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பேரும் ரிக்‌ஷாவில் குருசுக்குப்பம் போனோம். கூடைக்காரரைத் திட்டப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன், குஷியாகக்கூட இருந்தது. பாதி வழியில் அம்மா, “இதக் குடுத்துட்டு வேற நல்லதா எடுத்துக்கலாம்டி” என்றாள். ரிக்‌ஷா ஓடிக்கொண்டேதான் இருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் நின்றுவிட்டது. மாமா ஜெயித்தால் என் குட்டி போய்விடும். வாழ்க்கையில் முதல்முறையாக மாமா தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், வழியில் தெரிந்த கோயில், மாதா கெபி, மசூதி, எல்லாவற்றிடமும்.

காய்கிற வலைகளுக்குப் பக்கத்தில் கூடைக்காரர் வீடு. வாசலில் அவர் மனைவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளிருந்து வந்த கூடைக்காரர் முன்னால் மாமா காகிதத்தை விரித்தார்.

“கூடைய வுட்டுத் தூக்கிட்டா எம்பொறுப்பு இல்ல முசியே. காலங்காலமா இதான் யாவாரம்.”

“ஒன்பது நாள்பா. பிரெஞ்சுக்காரன் சட்டம்.”

“அவன்தான் கப்பலேறிப் போயிட்டானே!”

“அவன் போயிட்டான். எனக்குப் பென்ஷன் வருதில்ல? அது வந்தா சட்டமும் கூட வரும்.”

வலைப்பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் மனைவி மீனிலிருந்து தலையைத் தூக்காமலே, “சொல்தாவுக்குப் பதில் சொல்லுய்யா. எங்கிட்டன்னா மட்டும் வாயி காது வரைக்கும் கிழியும்” என்றாள். கூடைக்காரர் குனிந்து என் கூடைக்குள் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. உள்ளே போய் ஒரு குட்டியோடு வந்தார். இட்லி மாதிரி உப்பலாக, கண்ணெல்லாம் மினுக்கமாக ஒன்று.

“சட்டத்துக்காகச் சொல்லல முசியே. புள்ள மூஞ்சிக்காகச் சொல்றேன். அதக் குடுத்துட்டு இத எடுத்துக்குங்க.”

மாமா ஜெயித்துவிட்டார். நெஞ்சு ஒரு விரற்கடை அகலமாயிற்று. கையை நீட்டப் போனவர் சட்டென்று நின்று காகிதத்தை மறுபடி படித்தார். பிறகு, கூட்டத்துக்கே கேட்கிறமாதிரி, “வாங்கினது நான் இல்ல. உரிமை எனக்குக் கிடையாது” என்று அறிவித்துவிட்டு என் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றார். “மத்மொசேல், திருப்பிக் குடுக்கறதா, மாத்திக்கறதா, இதையே வெச்சிக்கினு இவர வைத்தியம் பாக்கச் சொல்றதா? நீதான் சொல்லணும்.”

வலைகள், படகுகள், நெத்திலி, அம்மா, எல்லாம் என்னையே பார்த்தன. நான் குட்டியைப் பார்த்தேன். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து, திறந்ததே பெரிய வேலை என்பதுபோல மூடிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. “இதோட அம்மா எங்க?” என்று கேட்டேன்.

கூடைக்காரர் தலையைச் சொறிந்தார். “அது... பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருக்கு பாப்பா. மீன் துண்ண.”

அவர் மனைவி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“திருப்பிக் குடுத்தா அதுகிட்ட வுடுவீங்களா?”

குலுங்கல் நின்றது. வலைப்பக்கம் நின்றவர்கள் வலையை உதறத் திரும்பிக்கொண்டார்கள். கூடைக்காரர் கால் பெருவிரலால் மணலைக் கிளறினார். கடலைப் பார்த்தபடி, “வுடுவேன்” என்றார்.

ஆக, எல்லாம் தெளிவாகிவிட்டது. சீக்கான பிள்ளைக்கு அம்மா வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு வேண்டாமா? திருப்பிக் கொடுப்பதுதான் சரி. சரி என்று தெரிந்தும் கூடையின் பிடியிலிருந்து என் விரல்கள் பிரியவில்லை. “தரமாட்டேன்! எனக்கு இதுதான் வேணும்!” என்று கத்தி, ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிவிட்ட குற்றத்தில் ஓவென்று அழுதேன்.

எல்லோரும் என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஆனால் அந்த அம்மாள் மீன் கையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மா என் தலையைத் தடவினாள். கூடைக்காரர் இட்லிக் குட்டியைத் தூக்கி அதன் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார். “தெனம் நான் வந்து பாக்கறேன் முசியே, வேணும்னா அதையும் எழுதிக்க” என்று தானாகவே குனிந்து முதுகைக் கொடுத்தார். மாமா எழுதினார். எங்களுக்கு வறுத்த நெத்திலி கிடைத்தது. இவ்வளவு கெட்ட காரியம் செய்தவளுக்கு இவ்வளவு ருசியான மீனா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன்.

மறுநாள் முதல் கூடைக்காரர் சைக்கிளில் வந்தார். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை மூடியால் அளந்து, குட்டியின் வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மேற்பார்வை. “ரெண்டு சொட்டு அதிகம்” என்பார் இவர். “நீ பட்டாளத்துல சுட்ட குண்டையும் இப்பிடித்தான் எண்ணுனியா?” என்பார் அவர். சனிக்கிழமை குட்டி தலையைத் தூக்கியது. ஞாயிறு, தயிர்சாதத் தண்ணீரை நக்கியது. திங்கள், எழுந்து நின்று, நின்றதை நம்பாமல் உட்கார்ந்துவிட்டது.

வாங்கி ஒன்பது நாள் முடிந்த செவ்வாய்க்கிழமை ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். மாமா கோட்டு போட்டு, மெடல்கள் குத்தி, கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். மெடல்கள் கிலுங்கின. மூலையிலிருந்து வெள்ளையாக ஒன்று உருண்டு வந்து அவர் கால்சட்டை நுனியைப் பல்லால் பிடித்து, தொண்டையில் ஒரு ரயிலை ஓட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை குரைத்தது. குரைத்த வேகத்தில் பின்னால் விழுந்தது. மாமா அசையவில்லை. அட்டென்ஷனில் நின்று, “பிராவோ! பிராவோ!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கூடைக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே ஓடிவந்தார். சைக்கிள் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டு ஆண்களும் தரையில் மண்டியிட்டு, ஒரு நாய் மறுபடி குரைக்கக் காத்திருந்தார்கள். அன்று நினைவுச் சின்னத்துக்குத் தாமதமாகத்தான் போனார் மாமா, கால்சட்டை நுனி கிழிந்தபடியே.

அந்த நாய்க்குக் கடைசிவரை சடை வளரவில்லை. பதின்மூன்று வருஷம் எங்களோடு இருந்தது. அந்த ஊரில் வாங்கியவருக்கு என்ன உரிமை என்பதில் மாமா நிபுணர், விற்றவருக்கு என்ன வழக்கம் என்பதில் கூடைக்காரர் நிபுணர். திரும்பி வந்த சீக்குக் குட்டி போய்ச்சேர எந்த வீடும் எந்த அம்மாவும் இல்லை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. அதனால் ரொம்ப நாள் வரைக்கும் அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போனால் மீன் பக்கம் நிற்கிற பெட்டை நாய்களின் கண்ணைப் பார்க்காமல் நடப்பேன். வீட்டுக்கு வந்து, கிண்ணத்தில் பாலை ஊற்றி, “உன்னை உங்கம்மாகிட்ட வுடல, மன்னிச்சிக்கோ” என்பேன். அது கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று வாலை ஆட்டும்.