மாரக்கா வீட்டுச் சிவப்புக் கோடு

எதிர்வீட்டு இரும்புக் கதவுக்கு இன்று சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை தெருவைத் தாண்டி வந்து என் காபியில் விழுந்துவிட்டது. உங்களுக்கு அது பெயிண்ட் நாற்றம். எனக்கு ஆற்று வாசனை.

நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு மைசூரில் கிடைத்த அரசாங்க வேலை, பெயிண்ட் டப்பா தூக்குவது. கொள்ளேகாலம் பக்கத்துக் காவிரிக்கரை ஊர்களுக்கு ஜீப்பில் போவோம். போன வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டு, வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு போடுவோம். அடுத்த வெள்ளத்தில் எப்போது கிளம்புவது, எந்த மேட்டுக்குப் போவது என்று ஊரோடு உட்கார்ந்து பேசுவோம். எங்கள் அதிகாரி, சாருக்குக் கன்னடம் மட்டும்தான்; அந்த ஊர்களிலோ தமிழ். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ஏனுங் தம்பி, உங்க சட்டைப் பொத்தானுக்கா சொல்றீங்க? எங்களுக்கும் சொல்லுங்க" என்பாள் மாரக்கா. இரண்டு எருமை வைத்துப் பால் விற்றவள். ஊரே சிரிக்கும். பிறகு அவளே மோர் கொடுப்பாள்.

அடுத்த முறை போனபோது அவள் வீட்டுக் கோட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். காவிரித்தாய் வந்து நின்ற இடமாம். "நோடப்பா, ஜன ஒப்பிகொண்ட்ரு" என்றார் சார். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அவருக்குப் பெருமை. எனக்கும்தான்.

ஆடியில் ஆறு ஊருக்குள் வந்தது. அதிகம் ஏறவில்லை, ஆனால் வடியவும் இல்லை. கெண்டைக்கால் அளவில் நாள்கணக்காக நின்றது. பலர் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மாரக்கா மட்டும் நகரவில்லை.

"மண் சுவரு ஊறிருச்சுக்கா. வாங்க" என்று கூப்பிட்டேன்.

"கோடு எங்க இருக்குது, தண்ணி எங்க இருக்குது? அவ்வளவு ஏறினப்பவே நின்ன வீடுங்க இது."

அன்று நான் கத்தினேன்.

"அட, தம்பிக்கும் தொண்டை இருக்குது" என்று சிரித்துவிட்டு, எருமைக்குத் தவிடு எடுக்க உள்ளே போனாள். சுவர் அப்படியே அவள் மேல் உட்கார்ந்தது.

எருமைகள் பிழைத்தன. மிச்சமிருந்த மூலைச் சுவரில் கோடு இருந்தது. குங்குமம்கூட நனையவில்லை. அதன் பிறகு நாங்கள் கோட்டை வாசற்படி உயரத்திலேயே போட்டோம், தண்ணீர் இதைத் தொட்டால் கிளம்பிவிடு என்று.

பிறகு ஊரே மேட்டுக்கு மாறியது. போன மாதம் போனேன். பழைய இடத்தில் கரும்பு. டிராக்டர்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"இல்லி ஊரு இத்தா?" என்றார். இங்கே ஊர் இருந்ததா என்று.

இருந்தது என்றேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்க என்று கேலி செய்ய அங்கே யாரும் இல்லை.