நூம்பலில் நின்ற பாய்மரப் படகு

என் அக்காவின் கணவர் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்தவர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். இரண்டு பெண்களும் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் அப்பா செத்தபோதும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக வேலையை விட்டுத் திருமுல்லைவாயிலில் கட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த ஆறாவது மாதமே ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கிவிட்டார். இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். துறைமுகத்துக்குள் இருந்த ஒரு படகு கிளப்பில் அதைக் கட்டிப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மின்சார ரயிலேறிப் பீச் ஸ்டேஷனில் இறங்கிப் போவார். சாயங்காலம் மூக்கு சிவந்து, சட்டையெல்லாம் உப்புப் பூத்துத் திரும்புவார். அக்கா ஒன்றும் சொன்னதில்லை. பிறகுதான் அவர் பெரிய படகு தேட ஆரம்பித்தார்.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறியதாக ஒரு ஃபைபர் பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி மூடி, மெஷின் உறை, ஸ்கூட்டர் பெட்டி எல்லாம் செய்வோம். படகு எதுவும் செய்ததில்லை. ஆனால் ஃபைபரைத் தட்டினால் உள்ளே நன்றாக இருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று காதுக்குத் தெரியும். அதனால்தான் மாமா என்னைக் கூப்பிட்டார். நூம்பலில் ஒரு படகு விற்பனைக்கு நிற்கிறதாம். முப்பத்திரண்டு அடி நீளம். உள்ளேயே சமைக்கலாம், படுக்கலாம்.

“நூம்பல்லயா? அங்க ஏது மாமா கடலு?”

“அதான் எனக்கும் இடிக்குது. நீ வந்து தட்டிப் பாரு.”

போவதற்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டாள். மாமா வெளியே போயிருந்தார். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினாள்.

“நாளைக்குப் போறியாமே?”

“ஆமாக்கா.”

“போ. பாத்துட்டு, நல்லா இல்லைன்னு சொல்லிடு.”

“பாக்காமயே எப்படிக்கா சொல்றது?”

“பாத்துட்டுத்தான் சொல்லு. எதுலதான் கொறை இல்ல? அதை எடுத்துச் சொல்லு.” கத்தியைக் கீழே வைத்தாள். “சின்ன போட்ல போனா பொழுது சாயறதுக்குள்ள வந்துதான் ஆவணும். படுக்க எடமில்ல. இதுல நாலு படுக்கை கீதாம். எதுக்குடா அவருக்கு நாலு படுக்கை?”

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாமாவின் ஸ்கூட்டரில் போனோம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, புதிதாக மனை பிரித்துக் கல் நட்டிருந்த நிலங்களைத் தாண்டிப் போனால் கம்பி வேலி போட்ட ஒரு பழைய இரும்புக் கிடங்கு. அறுத்துப் போட்ட பாய்லர்களுக்கும் துருப்பிடித்த பைப்புகளுக்கும் நடுவே, லாரி டயர்கள் மேலும் மரக்கட்டைகள் மேலும் அந்தப் படகு வெள்ளையாக நின்றது. பக்கத்தில் பாய்மரக் கம்பம் தரையில் நீளமாகக் கிடந்தது, அதன்மேல் இரண்டு லுங்கிகள் காய்ந்தன.

இடத்துக்குச் சொந்தக்காரர் பூந்தமல்லிக்காரர். பழைய மெஷின் சாமான் வியாபாரம். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எங்களைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. மாமாவின் ஷூவைப் பார்த்தார், என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

“நீங்க கஸ்டம்ஸா சார்?”

“இல்ல பாய். வாங்க வந்திருக்கோம்.”

“அப்படித்தான் போன மாசமும் ஒர்த்தர் வந்துகினு, கேள்வியா கேட்டுகினு போனாரு. ஹார்பர்ல ஏலத்துல எடுத்தது சார். ரசீது என்னாண்ட கீது. மத்த சாமானோட சேத்து இதையும் தள்ளிவிட்டுட்டானுங்க. ஒடைச்சுப் போட மனசு வரல.”

மாமா ரசீதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் எதைத் தேடினார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

நான் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, பின்பக்கத்திலிருந்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். டங் டங்கென்று சுத்தமான சத்தம். இவ்வளவு பழைய படகுக்கு இவ்வளவு நல்ல சத்தமா என்று எனக்கே உறுத்தியது. முன்மூக்கை நெருங்கும்போது சத்தம் மாறியது. பொத் பொத்தென்று, தலையணையைத் தட்டுவதுபோல. இரண்டு பக்கமும் அப்படியே. மாமாவும் கேட்டுவிட்டார். பாய் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏணி வைத்து ஏறி உள்ளே போனோம். என்ஜின் இறுகிக் கிடந்தது. படகின் பாய்த்துணியை எலி கடித்திருந்தது. ஜன்னல் ஓரங்களில் மழைநீர் இறங்கிய கறை. அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறைகள், எனக்குக் கவலை தரவில்லை. முன்னறைச் சுவர்தான் உறுத்தியது. மற்ற இடங்களில் மரம் மங்கிப்போயிருக்க, அங்கே மட்டும் பெயின்ட் பளிச்சென்றிருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து அந்தச் சுவர் வரை டேப்பைப் பிடித்தேன். ஐந்தரை அடி. வெளியே வந்து, அதே ஜன்னலிலிருந்து மூக்கு நுனி வரை அளந்தேன். எட்டரை அடி. மேலே நங்கூரச் சங்கிலி வைக்கும் பெட்டி இருந்தது, ஆனால் அது ஆழமில்லாதது. அதை நீக்கினாலும் கீழே பெரிய இடம் ஒன்று கணக்கில் வரவில்லை.

மாமா என் காதருகே வந்து, “உள்ள எதையோ மறைச்சு வெச்சிருக்கான்” என்றார்.

அந்தக் காலத்தில் கடல் வழியாகத் தங்கம், துப்பாக்கி எல்லாம் கடத்தி வருவதாகத் தினமும் பேப்பரில் படித்துக்கொண்டிருந்தோம். இதை இப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம், அக்காவிடம் சொல்லவும் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மாமா பாயைக் கூப்பிட்டு நேரடியாகவே கேட்டுவிட்டார்.

“இந்தச் சுவத்துக்குப் பின்னால என்ன இருக்கு?”

“இன்னா சார், ஒண்ணும் இல்லியே.”

“அளவு சரியா வரலையே.”

பாய் என் டேப்பை வாங்கித் தானே உள்ளேயும் வெளியேயும் அளந்தார். இரண்டாவது முறை ஏணியிறங்கி வரும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. “அல்லா... நாலு மாசமா என் எடத்துல நிக்குது சார் இது. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். வேலி வாசலைச் சாத்திவிட்டு வந்தார். “அறுங்க. என் கண்ணு முன்னாடியே அறுங்க. எது இருந்தாலும் நானே ஸ்டேஷனுக்குப் போறேன்.”

வாசலை அவர் சாத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கை டிரில்லால் நான்கு ஓட்டை போட்டு, ரம்பத்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக அறுத்தேன். துண்டு பெயர்ந்து வந்தது. பின்னால் மஞ்சளாக, பொரபொரவென்று நுரைப்பஞ்சு. விரலை விட்டுத் தோண்டினேன். இன்னும் நுரை. ஒரு நீளக் கம்பியை உள்ளே செலுத்தினேன். அது படகின் ஓடு வரை போய் முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தால் ஈரம்கூட இல்லை.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். “முட்டுச் சுவர்டா. கப்பல்ல இருக்கறதுதான். முன்னாடி எதுலயாவது மோதினா தண்ணி இதைத் தாண்டி உள்ள வராது. முழுகாம இருக்கறதுக்காக நுரையை அடைச்சு வெச்சிருக்கான். இத்தனை சின்னதுல இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை.”

நான் கேட்ட பொத்தென்ற சத்தமும் அந்த நுரையுடையதுதான். பாய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குழாயடியில் நான் கை கழுவும்போது அவர் சோப்பு கொண்டுவந்து கொடுத்தார். என் பட்டறை எங்கே, என்ன வேலை செய்கிறோம் என்று விசாரித்தார். சொன்னேன். மாமா தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வேலப்பன்சாவடியில் டீ குடிக்க நிறுத்தினோம்.

“சரி, சொல்லு.”

அக்கா சொன்னது நினைவில் இருந்தது. என்ஜின், பாய்த்துணி, ஜன்னல், இந்த மூன்றையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னால் போதும். என்னால் முடியவில்லை. “ஓடு ரொம்ப நல்லா இருக்கு மாமா. நான் பாத்ததுலயே நல்ல ஃபைபர் வேலை இது” என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். “உங்கக்கா என்ன சொல்லி அனுப்பினா?”

மறைக்கத் தோன்றவில்லை. “கொறை சொல்லச் சொல்லி.”

“தெரியும். அப்படி அவ சொல்லியும் நீ நல்லா இருக்குன்றே. அந்த பாய் உனக்கு என்ன தர்றேன்னான்?”

கிளாசை வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் பிடித்துத்தான் வீட்டுக்கு வந்தேன். பத்து நாள் அவருடன் பேசவில்லை. அதற்குள் அவர் துறைமுகத்திலிருந்து வேறொருவரை அழைத்துப்போய்ப் படகைக் காட்டியிருக்கிறார். அவரும் நான் சொன்னதையே சொன்னாராம். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, முன்பே பேசிக்கொண்டார்களோ என்று மாமா அக்காவிடமே கேட்டிருக்கிறார்.

அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள். ஃபைபர் ஒட்டும் ரெசின் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“உன்னாண்ட இன்னா சொன்னேன், நீ இன்னா சொல்லிகீறே?”

“நல்லா இருக்கறதை எப்படிக்கா நல்லா இல்லைன்றது?”

“நீயும் அவரோட சேந்துகினியா? நானே பாக்கறேன்.”

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் போனோம். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். அவள் ஒவ்வொரு படுக்கையாக உட்கார்ந்து பார்த்தாள். அடுப்பைத் தொட்டாள், அது ஊஞ்சல்போல ஆடியது. படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாமல் இருக்க என்று மாமா விளக்கினார். அவள் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை.

“இதுல போனா எத்தனை நாள்?” என்றாள்.

“பக்கத்துல போனா ரெண்டு மூணு நாள்.”

“தூரமா போனா?”

மாமா ஆடிக்கொண்டிருந்த அடுப்பைப் பிடித்து நிறுத்தினார். அவள் வெளியே வந்து பாயைப் பார்த்தாள்.

“இதுக்கு முன்னாடி இதை வெச்சிருந்தவரு யாரு?”

பாய் தயங்கினார். விற்க நினைப்பவர் சொல்லக்கூடாத கதை அது. ஆனாலும் சொன்னார். “வெள்ளைக்காரரும்மா. புருஷன் பொஞ்சாதியா வந்தாங்களாம். அந்தம்மா ஒருநாளு போதும்னு பிளேன் ஏறிப் போயிட்டாங்க. அவரு மட்டும் ஹார்பர்லயே, இதுக்குள்ளயே மாசக்கணக்கா இருந்தாராம். அப்புறம் ஒடம்பு முடியாம அவங்க ஆளுங்க வந்து தூக்கிகினு போனாங்க. ஹார்பர்ல சொன்னதைத்தான் சொல்றேன்.”

அக்கா மாமாவைப் பார்த்தாள்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“நீங்க திரும்பி வருவீங்களா மாட்டீங்களான்னு இருபத்திரெண்டு வருஷம் கப்பல் கம்பெனிகிட்ட போய்க் கேட்டேன். இனிமே யார்கிட்ட போய்க் கேக்கறது?”

மாமா தரையில் கிடந்த கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், “வேணாம்னா விட்டுடலாம்” என்றார்.

“வேணாம்னு நான் எங்க சொன்னேன்? வாங்குங்க. என் பேர்ல வாங்குங்க.”

அப்படித்தான் அந்தப் படகு அக்கா பெயரில் வந்தது. கிளப்பின் விதிப்படி, சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் படகைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அதை அவள் முன்பே விசாரித்து வைத்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

என்ஜினை மாமாவே பிரித்து ஓடவைத்தார், புதுப் பாய்த்துணியும் தைக்கவைத்தார். ஜன்னல் ஓரங்களையும் நான் அறுத்த சதுரத்தையும் நானே அடைத்துக் கொடுத்தேன். மாமா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பூச்சையும் பார்த்தார். வேலப்பன்சாவடியில் கேட்டதற்கு அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. மறு வருடம் பாயிடமிருந்து என் பட்டறைக்கு ஒரு பெரிய வேலை வந்தது, கிடங்குக் கூரைக்கு ஃபைபர் தகடு. நல்ல வேலை, செய்து கொடுத்தேன். அதை இன்றுவரை அக்காவிடமும் சொல்லவில்லை, மாமாவிடமும் சொல்லவில்லை.

முதல் பெரிய பயணத்துக்கு அக்கா எட்டு நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாமாவும் கிளப்பில் பழக்கமான இரண்டு பேரும் வடக்கே கிளம்பினார்கள். எட்டாம் நாள் படகு வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், கிளப் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். குமாஸ்தாவிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாள். மத்தியானத்துக்கு மேல் தூரத்தில் படகின் பாய்மரம் தெரிந்தது.

மாமா கரையேறி, பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் காற்றே நின்றுவிட்டது, என்ஜினும் கிளம்பவில்லை, ஒரு பகல் முழுக்க அசையாமல் நின்றோம் என்றார். அக்கா அவரைத் தாண்டிப் படகுக்குள் இறங்கினாள். என்ஜின் மூடியைத் தூக்கி, உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும், அவர் சொன்னது பொய்யில்லை. மூடியைப் போட்டுவிட்டு மேலே வந்தாள்.

இருந்தாலும் அடுத்த கடிதத்தில் ஆறு நாள் என்றுதான் எழுதினாள்.