காரிமங்கலத்து யூதாசு

இசபெல்லாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளைப் பார்க்காமலேயே திரும்பிப் போனார்கள். 1966-ஆம் வருஷம், பாஸ்குத் திருவிழாவான ஈஸ்டர் முடிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள், யாரிடமோ வழி கேட்டார்கள், கிருஷ்ணகிரி போகும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

இது தெரியாமல் கோயில் தெருவில் அவள் அம்மா மதலேனம்மாள் கேசரியைக் கிளறி மூடி வைத்திருந்தாள். அப்பா சின்னப்பராஜ் பூசைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை மாற்றாமல் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பத்தொன்பது வயது இசபெல்லா, புதுப்புடவையின் கஞ்சி கழுத்தை அறுக்க, உள்ளே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிய பிறகு, பஸ் நிற்கும் இடத்தில் வேர்க்கடலை விற்கும் ராமக்காள்தான் சேதி கொண்டு வந்தாள்.

"என்னா மதலேனம்மா, வந்த சனம் ஏன் ஒடனே கெளம்பிட்டாங்க? நாந்தானே வழி சொன்னேன்."

"என்னான்னு சொன்ன?"

"சின்னப்பராஜ் வூடு எதுன்னாங்க. ரோட்டு மேஸ்திரியான்னேன். ஆமாங்கவும், அட, நம்ம யூதாசு வூடான்னு கேட்டேன். அந்தப் பெரியவரு மொகமே செத்துப் போச்சு. ஏம்மா அப்படிக் கூப்புடறீங்கன்னாரு. ஊரே அப்படித்தாங்க கூப்புடும், யூதாசு வூடுன்னு கேட்டா கைக்கொழந்தகூடக் காட்டிக் குடுத்துரும்னேன்."

மதலேனம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற சின்னப்பராஜுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மகளைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"அடிப்பாவி, ஏசுநாதரையே வித்தவன் பேருடி அது!" என்றாள் மதலேனம்மாள்.

ராமக்காள் திகைத்துப் போனாள். "எனக்கெப்படித் தெரியும் தாயி? உங்க சாமி வெச்ச பேருன்னுல்ல நெனச்சேன். நல்ல மனுசனுக்கு நல்ல பேராத்தானே இருக்கும்?"

கோயில் தெருவில் வருஷா வருஷம் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். ஏசு வேஷத்துக்கு அடிதடி நடக்கும். சீடர் ராயப்பருக்கும் பிலாத்து ராஜாவுக்கும் சிபாரிசு வரும். யூதாசுக்கு மட்டும் யாரும் வர மாட்டார்கள். ஒருமுறை அந்த வேஷம் கட்டியவருடைய எருது செத்துப்போக, பாவம் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது. அடுத்த வருஷம் ஆளே கிடைக்காமல், நாடகமே வேண்டாம் என்று பங்குச் சாமியார் சொல்லும் நிலைமை. அப்போதுதான் சின்னப்பராஜ் எழுந்தார்.

"யாராச்சும் காட்டிக் குடுத்தாத்தானே சாமி, மிச்சக் கதை நடக்கும்? குடுங்க அந்த முப்பது வெள்ளிக்காசுப் பைய."

அன்று வாங்கிய வேஷத்தை அவர் விடவில்லை. அரிதாரத்தைக் கழுவினாலும் பேர் கழுவப்படவில்லை. பிள்ளைகள் "யூதாசு மாமா" என்று கூப்பிட்டுவிட்டு ஓடும். அவரும் துண்டை உதறிக்கொண்டு துரத்துவதுபோல இரண்டடி வைப்பார்.

அவருக்கு நெடுஞ்சாலையில் வேலை. ஜல்லி உடைக்கும் கூலியாகச் சேர்ந்து மேஸ்திரி ஆனவர். தருமபுரி சாலையில் பள்ளம் விழுந்தால் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதுபோல மனசு அடித்துக்கொள்ளும். ஊரில் யாருக்குப் பேறுகால வலி வந்தாலும் அவர்தான் ரோட்டில் நின்று லாரியை மறிப்பார். அந்த ரோட்டு டிரைவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். மழை பொய்த்த வருஷத்தில் கோயிலுக்கு அமெரிக்கச் சோள மாவு வந்தபோது, பாத்திரம் வாடகைக்கு விடும் அன்வர் பாஷாவிடம் போய்ப் பெரிய அண்டாவாகக் கேட்டு வாங்கி வந்தார். பாஷா வாடகை பேசவில்லை. "கல்யாணமே இல்லாத வருசத்துல அண்டா சும்மாத்தானே கெடக்குது? எடுத்துட்டுப் போங்க யூதாசு" என்றார். அதில் கஞ்சி காய்ச்சி, ராமக்காள் தெருவுக்கும் சேர்த்து ஊற்றினார். தன் பிள்ளைகளைக் கடைசியில்தான் நிற்க வைப்பார். இசபெல்லாவின் டம்ளருக்கு எப்போதும் அடிப்பிடித்த கஞ்சிதான் வந்தது. அவளுக்கு அப்போது கோபம் கோபமாக வரும். ஆனால் வரிசையில் நின்றவர்கள் அவரிடம் டம்ளரை நீட்டும்போது நிமிர்ந்தே நீட்டியதையும் அவள் பார்த்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போன மறுநாள் அவர் யூதாசு டோப்பாவையும் சுருக்குப் பையையும் கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்துவிட்டார்.

பாஸ்குக்கு முந்திய தவக்காலம் அடுத்த வருஷமும் வந்தது. யூதாசு வேஷத்துக்கு வழக்கம்போல யாரும் வரவில்லை. சாமியார் பூசையிலேயே கேட்டுப் பார்த்தார். ஆண்கள் பக்கம் எல்லாரும் குனிந்து செபப் புத்தகம் படித்தார்கள். இந்த வருஷம் நாடகம் இல்லை என்று அறிவித்தாயிற்று. அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அப்பா, பூட்டிக் கிடந்த மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனதை இசபெல்லா பார்த்தாள். நேராகச் சாமியாரிடம் போனாள். டோப்பாவோடு வந்து நின்றாள்.

மதலேனம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? இன்னொரு எடம் வர்ற நேரத்துல?"

"வரட்டும்மா. என்னக் கட்டிக்க வர்றவங்க நாடகத்தப் பாத்துட்டே வரட்டும்."

"காலம் பூரா யூதாசு மவளாவே வூட்டுல கெடக்கப் போறியா?"

"இத மறைச்சு என்னக் கட்டி வெச்சீங்கன்னா, அப்பா என் வூட்டுக்கு வரும்போதெல்லாம் வேற ஆளாட்டம் வரணும். அது எனக்கு வேணாம்."

சின்னப்பராஜ் வெகுநேரம் டோப்பாவைச் சிக்கெடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "கண்ணு, உன் வாழ்க்கை இது" என்றார்.

"நீங்க குடுத்த வாழ்க்கைதானேப்பா."

அந்த வருஷ நாடகத்தில் அவர் சுருக்குப் பையை யூதக் குருக்களின் காலடியில் எறிந்துவிட்டு அழுதபோது, வழக்கமாக யூதாசு மேல் கல்லெறியும் முன்வரிசைப் பெண்கள் அதை மறந்து மூக்கைச் சிந்தினார்கள். கூட்டத்தில் கிருஷ்ணகிரியில் லாரி மெக்கானிக்காக இருந்த அருள்நாதனும் அவன் அப்பாவும் இருந்தார்கள்.

மறுவாரம் அந்த அப்பா காரிமங்கலத்தில் இறங்கி, ராமக்காளிடமே வந்து கேட்டார். "யூதாசு வூடு எதும்மா?"

பட்டுத் தெளிந்திருந்த ராமக்காள் கடலைக் கூடையை மூடிக்கொண்டாள். "அப்படி யாருமே இந்த ஊருல கெடையாதுங்க!"

"நாடகத்துல பாத்தமே, தாயி?"

"நாடகமா? எங்க ஊருல நாடகமே போட மாட்டாங்க. கடலை வேணும்னா சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கோயில் மணிக்கூண்டைப் பார்த்து நடந்து, வீட்டைக் கண்டுபிடித்தார். மழைக்கு முன்பே அருள்நாதனோடு கல்யாணம் நடந்தது. கல்யாணச் சோறு அன்வர் பாஷாவின் அண்டாவில்தான் வெந்தது. அண்டாவைத் திருப்பித் தரும்போது வாடகையைக் கட்டாயப்படுத்திக் கையில் வைத்தார் சின்னப்பராஜ்.

இசபெல்லா கிருஷ்ணகிரிக்குக் குடிபோனாள். அவளுக்குப் பின் இரண்டு பெண்களையும் அதே பெயரோடுதான் அப்பா கட்டிக்கொடுத்தார். பெண் கேட்டு வருகிறவர்களிடம் முதல் பேச்சே அதுதான். "என்னை இங்க யூதாசும்பாங்க. சம்மதம்னா உக்காருங்க, காப்பி சாப்பிடலாம்." கடைசிப் பிள்ளை பிலவேந்திரன் மட்டும் அவரோடு இருந்தான்.

1976-இல், தார்ப்புகை தின்ற சின்னப்பராஜின் நெஞ்சு ஒரு காலை வேளையில் நின்றுபோனது. அன்றைக்கு அன்வர் பாஷா கடை திறக்கவில்லை. சாலைக் கூலிகள் ஜல்லித் தட்டுக்கூடைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள். ராமக்காள் சவப்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்க யூதாசே, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று கதறினாள். புதிதாக வந்திருந்த சாமியார் அதிர்ந்து போய்ச் செபத்தை நிறுத்திவிட்டார். யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. கோயில் தெருவும் சேர்ந்து அப்படியே அழுதது. இசபெல்லாவும் அந்தப் பேரைச் சொல்லித்தான் அழுதாள்.

அதற்குப் பிறகு நாடகம் நின்றுபோயிற்று.

1979-இல், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த வாரத்தில், காரிமங்கலம் வழியாக வரும் பஸ்ஸின் கண்டக்டர் பெரியண்ணன் கிருஷ்ணகிரியில் அருள்நாதனின் மெக்கானிக் கடை வாசலில் நின்று குரல் கொடுத்தார். இசபெல்லா உள்ளேயிருந்து வந்தாள்.

"அக்கா, உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. இந்த வருசம் நாடகம் உண்டாம். யூதாசு வேசத்துக்கு நாலு பேரு சண்டையாம். எனக்குத்தான்னு உங்க தம்பி பிலவேந்திரன் ஒரு பக்கம் நிக்கறானாம், உங்கப்பா ஊத்துன கஞ்சி குடிச்சு வளந்தவன் நானுன்னு இன்னொருத்தன் நிக்கறானாம். சாமியாருக்குத் தலை சுத்துதாம். யூதாசு மவ வந்து யாரச் சொன்னாலும் ஒத்துக்கறோம்னு ஊரு சொல்லிருச்சாம், ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்துருங்க. அப்புறம் இன்னொண்ணு, ஏசுநாதருக்குத்தான் ஆளு கெடைக்கலியாம், உங்க வூட்டுக்காரரு வருவாராமான்னு கேட்டாங்க."