கயிற்றை அறுத்தது நான் இல்லை!

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என் மச்சானைப் பாழுங்கிணற்றில் இறக்கிவிட்டு, கயிற்றை அறுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாக ரசம் சாதம் சாப்பிட்டேன்.

பதறாதீர்கள். கிணறு காகிதத்தில்தான் இருந்தது. மச்சான் மட்டும்தான் நிஜம்... அங்கேதான் வந்தது வினை.

குயிலாப்பாளையத்தில் மார்ட்டின் என்று ஒரு வெள்ளைக்காரர் கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியிருக்கிறார். அவர் ஊரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே மெல்லிசாக ஒரு புத்தகம், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பிளாஸ்டிக் தாயக்கட்டைகள். சீட்டு இல்லை, கேரம் போர்டு இல்லை. ஆளுக்கு ஒரு வேஷம். "எதிர்ல குகை இருக்கு. என்ன செய்றீங்க?" என்று மார்ட்டின் கேட்பார். செய்வதை நாம் வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று தாயக்கட்டை சொல்லும். அதாவது, உட்கார்ந்த இடத்திலேயே கூத்து. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது, பாவம்!

ஏழுமலை மச்சான் — என் மனைவி வசந்தாவின் அண்ணன் — மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. உப்பளம் பார்க்க வந்த மார்ட்டினுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்துச் சிநேகம் பிடித்தவர் அவர்தான். மழைக்காலத்தில் உப்பளத்தில் ஏது வேலை? என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அவர் மாவீரன், நான் திருடன். ஏன் திருடன்? மிச்சம் இருந்த வேஷம் அதுதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். நான் ஒரு பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம் ஒன்றில், பந்தியில் எல்லார் எதிரிலும் மச்சான் சொன்னார்: "மாப்ள எழுதறது ஒண்ணும் வீண்போகலப்பா. கருவாடு மடிக்க அம்சமா இருக்குது!" பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை அன்றைக்கே மறந்தும்விட்டேன். மூன்று மாதம் பதினோரு நாள் ஆகிறது.

சரி, கதைக்கு வருவோம். கிணற்றின் அடியில் ஒரு மாய விளக்கு. மாவீரன் இறங்கினான். "கயித்த கெட்டியா புடிச்சிக்க மாப்ள" என்றார் மச்சான். விளக்கைக் கூடையில் வைத்து மேலே அனுப்பினார்.

"நீங்க என்ன செய்றீங்க?" என்று மார்ட்டின் என்னைக் கேட்டார்.

"கயித்த அறுக்கறேன்."

தாயக்கட்டையும் அன்றைக்கென்று எனக்குச் சாதகமாகவே விழுந்தது. மச்சான் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏம்பா, இன்னா பண்ண நீ?"

"நானா? நான் ஒண்ணும் பண்ணலயே மச்சான். என் வேஷம் திருடன். திருடன் வேற என்ன பண்ணுவான்?"

ஆஹா, எவ்வளவு வசதியான பதில்! கொட்டும் மழையில் நம்மை இறக்கிவிடும் கண்டக்டர் என்ன சொல்கிறார்? "நான் என்னா சார் பண்றது, ரூல்ஸ்." லீவு கேட்டால் சூப்பரின்டென்டென்ட்? "நான் தருவேம்பா, இந்த நாற்காலி தர மாட்டேங்குதே." கழுத்தை அறுப்பது எப்போதும் நாற்காலிதான். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கமானவர்கள்.

மச்சான் எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெருமுக்கல் மலைக்கோயிலில் என் மகளுக்குக் காது குத்து. பதினோரு மாதக் குழந்தை. தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். வசந்தா அண்ணனை அழைக்கப் போனாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"கெணத்துக்குள்ள கெடக்கறவன் எப்படி மடி குடுப்பான்னு கேக்குது அண்ணன்."

"அது வெறும் விளையாட்டு வசந்தா..."

"கொழாயடில பொம்பளைங்க சண்ட போட்டா நக்கலா எழுதத் தெரியுதில்ல? என் பொண்ணுக்கு இருக்கறது ஒரே தாய்மாமன். அவரையும் கெணத்துல போட்டுட்டு வந்து ரசம் நல்லாருக்குன்றீங்க. வேற மடில என் பொண்ண உக்கார வெக்க மாட்டேன். அவ்ளோதான்!"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மார்ட்டினிடம் ஓடினேன். புத்தகத்தைப் புரட்டினார். பூதம் வந்தால் என்ன செய்வது, இருக்கிறது. தீப்பந்தம் எவ்வளவு நேரம் எரியும், இருக்கிறது. மச்சான் கோபித்துக்கொண்டால்? அந்தப் பக்கத்தை அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, தங்கை அழுததற்காக மச்சான் விளையாட்டுக்கு வந்தார். என் திருடன் புதுக் கயிறு போட்டான், மாவீரனைத் தூக்கினான், விளக்கைக் கொடுத்தான், காலிலும் விழுந்தான். மார்ட்டின் கை தட்டினார். "சண்டை முடிஞ்சுது!"

"வீரன் மேல வந்துட்டான். நான் இன்னும் உள்ளதான் கெடக்கறேன்" என்றார் மச்சான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்மூரு கூத்துல பொடவ உரியற வேஷம் கட்றவன பாத்திருக்கியா? பொடவைல கை வெக்கறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி, மன்னிப்பு கேட்டுட்டுதான் வெப்பான். நீ என்னை ஒரு வார்த்த கேட்டியா? மறைக்காம சொல்லு. கயித்த அறுத்தது திருடனா, நீயா?"

திருடனுக்கு ஏது பத்திரிகை, ஏது பத்தி? கருவாட்டுப் பேச்சு வாங்கியது நான் அல்லவா?

"நான்தான் மச்சான். அன்னிக்கு எல்லார் எதிர்லயும் கருவாடு மடிக்கன்னு சொன்னீங்களே... ரொம்ப வலிச்சுது. மனசுல வெச்சிருந்து அறுத்துட்டேன். தப்புதான், மன்னிச்சிடுங்க."

மச்சான் கையிலிருந்த தாயக்கட்டையைப் பெட்டியில் போட்டார். "அடப்பாவி. அத அப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா? சும்மா சிரிக்கறதுக்கு சொன்னேம்பா. நானும் சொல்லியிருக்கக் கூடாது... வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு வரணும்?"

போன வெள்ளிக்கிழமை புது வேட்டி, புதுச் சட்டையில் மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வசந்தா குழந்தையை அவர் மடியில் வைத்தாள். ஊசி பட்டதும் மலை அதிர ஒரு வீறல்... கூடவே, புது வேட்டி தொப்பலாக நனைந்தது.

மச்சான் அசையவில்லை. நிதானமாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்பா மாப்ள, இத உன் பொண்ணு பண்ணாளா... இல்ல, அவ வேஷம் பண்ணிச்சா?"